டன் கணக்கில் போர்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு உலகப் போர்களிலும் எண்ணெய், நிலக்கரி, ரப்பர், ரயில், லாரி ஆகியவை படைத்தலைவர்களின் திட்டங்களை எப்படி மாற்றின என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 1914-ல் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளை ஏன் குறிவைத்தது? தனியாகத் திரிந்த ஒரு கப்பலுக்கு அத்தனை நாளும் நிலக்கரி எங்கிருந்து கிடைத்தது?

பதில்: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சுட்டது, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளை. ஏறத்தாழ 125 குண்டுகள் விழுந்தன. மண்ணெண்ணெய் எரிந்ததால் பிரிட்டனின் போர் முயற்சிக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் விரும்பியது ஊரே பார்க்கும் ஒரு தீயை. ஆங்கிலேயரின் மதிப்பு குலைய வேண்டும், வணிகம் கலங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அது நடந்தது. வங்கக் கடலில் சரக்குக் கப்பல்கள் கிளம்பத் தயங்கின. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. நிலக்கரியில் ஓடும் கப்பல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதன் கரி அறைதான் தீர்மானிக்கும். இந்தியப் பெருங்கடலில் ஜெர்மனிக்குச் சொந்தமாக ஒரு கரித்துறைகூட இல்லை. எம்டன் தன்னோடு மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலைக் கூட்டி வந்தது. பிறகு பிடிபட்ட கப்பல்களின் கரியை எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 10-ல் சிக்கிய பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலில் சுமார் 6,500 டன் இந்தியக் கரி இருந்தது. ஆனால் அந்தக் கரியில் சூடு குறைவு, புகை அதிகம். ஒளிந்து திரியும் கப்பலுக்குப் புகைதான் முதல் எதிரி. அதே மாதக் கடைசியில் மினிக்காய் அருகே புரெஸ்க் என்ற கப்பல் சிக்கியது. அதில் பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே அனுப்பப்பட்ட வேல்ஸ் நாட்டு உயர்தரக் கரி 6,600 டன் இருந்தது.

கரி கிடைத்தால் மட்டும் போதாது, அதை நடுக்கடலில் மாற்ற வேண்டும். இரண்டு கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டி, இடையில் மோதாமல் தடுப்பு வைத்து, சாக்கில் நிரப்பித் தூக்கி, குழாய் வழியே கரி அறையில் கொட்டி, உள்ளே ஆள் இறங்கி மண்வெட்டியால் பரப்ப வேண்டும். அலை எழுந்தால் இரண்டு கப்பல்களின் பக்கத் தகடுகளும் நசுங்கும். அதனால்தான் சுமத்ராவின் ஓரத் தீவுகளைப் போன்ற அமைதியான நீரை முல்லர் தேடிப்போனார். டீகோ கார்சியா தீவில் நின்று அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டியதும் கரிக்காகத்தான். அடிப்பாகம் அழுக்கேறினால் அதே வேகத்துக்குக் கூடுதல் கரி வேண்டும். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியபோது தொலைவில் புகை தெரிந்தது. கரி ஏற்ற வரச்சொன்ன புரெஸ்க் என்றே எம்டனில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பல்.

கேள்வி: ஒரு டிவிஷன் படைக்கு (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும் பிரிவு) ஒரு நாளைக்கு எத்தனை டன் சரக்கு வேண்டும்? அதற்கு எத்தனை லாரி?

பதில்: 1944 ஆகஸ்டில் பிரான்ஸில் அமெரிக்க ராணுவம் வைத்திருந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். களத்தில் உள்ள ஒரு டிவிஷனுக்கும் அதைத் தாங்கி நிற்கும் பீரங்கி முதலிய பிரிவுகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 600 முதல் 750 டன். 28 டிவிஷன் என்றால் சுமார் 20,000 டன்.

700 டன் என்று வைத்து லாரியைக் கணக்கிடுங்கள். அன்றைய இரண்டரை டன் லாரியில், நல்ல சாலை என்றால் ஐந்து டன் வரை ஏற்றினார்கள். தினமும் 140 லாரி வந்து சேர வேண்டும். ஏற்ற, இறக்க, போக, வர மூன்று நாள் ஆகும் என்றால் 420 லாரி. ஐந்தில் ஒன்று பட்டறையில் கிடக்கும் என்று வைத்தால் 525. தூரம் இரட்டித்தால் லாரியும் ஏறக்குறைய இரட்டிக்கும். டிரைவர்களும் அப்படியே. அந்த லாரிகள் குடிக்கும் பெட்ரோலையும் அதே சாலையில்தான் கொண்டுவர வேண்டும். படை முன்னேற முன்னேறக் கிடைக்கும் சரக்கு குறைவது இதனால்தான்.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓடிய 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற அமெரிக்க ராணுவ லாரிச் சேவை இதற்குக் கண்கூடான சான்று. போக ஒரு சாலை, வர ஒரு சாலை. ராணுவ லாரி தவிர வேறெதற்கும் அனுமதியில்லை. மணிக்கு 25 மைல் வேகம், லாரிக்கு லாரி 60 கெஜ இடைவெளி என்பது விதி. டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின அமெரிக்கர்கள். ஆகஸ்ட் 29-ல் 5,958 லாரிகள் 12,342 டன் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த அளவை மறுபடி எட்டவே முடியவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். என்ஜின் ஆயில் மாற்ற நேரமில்லை. அதிகச் சுமையில் டயர் சூடேறி வெடித்தது. சாலையில் வீசப்பட்ட காலி உணவு டின்களும் டயரைக் கிழித்தன. தூக்கக் கலக்கத்தில் வண்டிகள் பள்ளத்தில் இறங்கின. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் கேலன் பெட்ரோலை இந்த லாரிகளே குடித்தன.

இவ்வளவு பாடும் எதற்கு? முன்னணிக்குப் பக்கத்தில் துறைமுகம் இல்லை என்பதற்கு. ஆன்ட்வெர்ப் துறைமுகம் செப்டம்பர் 4-லேயே கிரேன்களும் கிடங்குகளும் சேதமில்லாமல் நேச நாடுகளின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது கடலிலிருந்து ஷெல்ட் ஆற்றில் எண்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். அவர்களை விரட்ட நவம்பர் முதல் வாரம் தாண்டியது. கண்ணிவெடி வாரி முடித்து, நவம்பர் 28-ல்தான் முதல் சரக்குக் கப்பல் வரிசை வந்தது. செப்டம்பரிலேயே ஆற்றைத் திறப்பதை முதல் வேலையாக வைக்காதது, அந்த ஆண்டு மேற்கு முனையில் நேச நாடுகள் செய்த ஆகப்பெரிய பிழை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஜெர்ரிகேன் ஒரு சாதாரணத் தகர டப்பா. போரில் அதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

பதில்: அதற்கு எதிரே இருந்த டப்பாவைப் பார்த்தால் புரியும். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை பெட்ரோலை நான்கு கேலன் பிடிக்கும் மெல்லிய தகரப் பெட்டிகளில் கொண்டுபோனது. லாரிக் குலுக்கலில் மூலைப் பற்றவைப்பு விட்டுப்போகும். வெயிலில் ஆவி விரிந்து தகரம் பிளக்கும். வழியில் முப்பது சதவீதம் வரை ஒழுகிப்போனது. லாரியின் அடியெல்லாம் பெட்ரோல் நின்றதால் தீ விபத்தும் அதிகம்.

1930-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உருவான ஜெர்ரிகேனில் 20 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். இரண்டு பாதிகளாக அழுத்திய தகடுகளை நடுவில் ஒரே மடிப்பில் வெல்டிங் செய்திருப்பார்கள். அந்த மடிப்பு உள்ளே தள்ளி இருப்பதால் அடிபடாது. பக்கங்களில் உள்ள குறுக்குப் பள்ளங்கள் தகட்டுக்கு வலுத் தரும். வெயிலில் பெட்ரோல் விரியும்போது தகடு புடைக்க இடமும் விடும். மேலே மூன்று கைப்பிடிகள். நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பிடித்து வரிசையில் கைமாற்றிக் கைமாற்றி இறக்கலாம். காலி கேன் என்றால் ஒரே கையில் இரண்டு. மூடி திருகு மூடி இல்லை; நெம்பி அழுத்தும் கொக்கி. ஸ்பானர் வேண்டாம், மூடி தொலைந்தும் போகாது. வாயருகே ஒரு சின்னக் காற்றுக்குழாய் இருப்பதால் ஊற்றும்போது 'குளுக் குளுக்' என்று சிந்தாது. கைப்பிடிக்குக் கீழே காற்று தங்கும் இடம் இருப்பதால் நிரம்பிய கேன்கூடத் தண்ணீரில் மிதக்கும்.

பிரிட்டன் அதை அப்படியே நகலெடுத்தது. அமெரிக்காவோ முதலில் திருகு மூடி வைத்து, மடித்து உருட்டிய இணைப்புகளோடு செய்தது. திறக்கக் கருவியும் ஊற்றப் புனலும் தேவைப்பட்டன. ஒரு கேன் பல முறை போய் வந்தால்தான் கட்டுப்படியாகும். 1944 இலையுதிர் காலத்தில் படை வேகமாக முன்னேறியபோது காலி கேன்களைச் சாலையோரம் வீசிவிட்டுப் போனார்கள். பெட்ரோல் கப்பலில் நிற்க, நிரப்பக் கேன் இல்லாத நிலை வந்தது. கடைசியில் பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசு அறிவித்துப் பொறுக்கி வரச் சொன்னார்கள்.

கேள்வி: ரஷ்யத் தண்டவாளம் வெறும் 89 மில்லிமீட்டர்தான் அகலம் கூடுதல். ஜெர்மனி அதை மாற்றிப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததே?

பதில்: அகலத்தை மாற்றுவதுதான் அதில் எளிதான வேலை. ரஷ்யாவில் 1,524, ஜெர்மனியில் 1,435 மில்லிமீட்டர். கீழே மரக்கட்டை, தண்டவாளத்தை ஆணியடித்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்க ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தை 89 மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தி, மறுபடி அடிக்க வேண்டும். நேர்பாதையில் வேலை மளமளவென்று நடக்கும். பாதை பிரியும் இடங்களில் இப்படி நகர்த்த முடியாது. முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். ஸ்டேஷன் யார்டு முழுக்க அவைதான் இருக்கும்.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல். ரஷ்ய என்ஜின்கள் பெரியவை, அதிகத் தண்ணீர் சுமப்பவை. அதனால் தண்ணீர் நிரப்பும் நிலையங்கள் வெகு தூரத்துக்கு ஒன்றாக இருந்தன. ஜெர்மன் என்ஜின் அவ்வளவு தூரம் தாங்காது. நடுவில் புதிய நிலையங்கள் கட்ட வேண்டும். உள்ளூர்க் கரி ஜெர்மன் என்ஜினில் சரியாக எரியவில்லை. ஜெர்மன் கரியைக் கலக்க வேண்டியிருந்தது. அந்தக் கரியும் ரயிலில்தான் வர வேண்டும். பின்வாங்கிய சோவியத் படை என்ஜின்களையும் பெட்டிகளையும் கொண்டுபோய்விட்டது, தண்ணீர்த் தொட்டிகளைத் தகர்த்துவிட்டது. 1941 டிசம்பர் குளிரில், பாயிலருக்கு வெளியே ஓடிய தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, என்ஜின்களில் பெரும்பகுதி நின்றுபோனது. பிறகு குளிருக்குத் தகுந்த எளிய வகை என்ஜினை வடிவமைத்து 6,000-க்கும் மேல் கட்டினார்கள். அது வந்தபோது மாஸ்கோ வாய்ப்பு போய்விட்டது.

படையெடுப்பின் தொடக்கத்தில் சுமார் ஆறு லட்சம் குதிரைகள் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். குதிரைக்குத் தீவனம் வேண்டும். ரயில் இல்லாத இடத்தில் அது இன்னொரு டன் கணக்கு.

கேள்வி: ஜெர்மனி சோவியத்தின் பாகூ எண்ணெய் வயலைப் பிடித்திருந்தால் போரில் வென்றிருக்குமா?

பதில்: இல்லை என்றே சொல்வோம். 1942 ஆகஸ்ட் 9-ல் இன்னொரு சோவியத் எண்ணெய் நகரான மைக்கோப்பைப் பிடித்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். கிணறுகளில் கான்கிரீட் ஊற்றி அடைத்திருந்தார்கள், கருவிகளைக் கிழக்கே கொண்டுபோயிருந்தார்கள். ஜெர்மனி தனியாக ஒரு எண்ணெய்ப் படைப்பிரிவையே அனுப்பியும், சில மாதம் கழித்துப் பின்வாங்கும்வரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. பாகூவிலும் அதே கதைதான் நடந்திருக்கும். கிணற்றைத் திறந்தாலும், எண்ணெயை ஜெர்மனிக்குக் கொண்டுபோக வழி எது? கருங்கடலில் டேங்கர் கப்பல் இல்லை. டான்யூப் படகுகளும் ரயில் டேங்கர்களும் ருமேனிய எண்ணெய்க்கே போதவில்லை.

சோவியத்துக்கு எண்ணெய் கிடைக்காமல் செய்திருந்தால் பலன் இருந்திருக்கும் என்று வாதிடலாம். ஜெர்மன் படை ஸ்டாலின்கிராடை எட்டி வோல்கா ஆற்றுவழி ஆபத்தானதும் சோவியத் தரப்பு காஸ்பியன் கடலைத் தாண்டிக் கிழக்கே சுற்றி அனுப்பியது. கப்பல் போதாமல், ரயில் டேங்கர்களையே கடலில் இறக்கி இழுவைக் கப்பலால் இழுத்துச் சென்றார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது; இறுக மூடிய டேங்கர் மிதக்கும்.

ஜெர்மனியின் உண்மையான பிடிப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த பெட்ரோலில் இருந்தது. அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கரியைத் திரவமாக்கும் ஆலைகள் அவை. விமானப் பெட்ரோலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. கரி உள்நாட்டிலேயே கிடைக்கிறது, கடல்வழி வேண்டாம் என்பது நிறை. பெரிய ஆலைகள் சில இடங்களில் மட்டுமே உள்ளன என்பது குறை. 1944 மே 12-ல் லொய்னா உள்ளிட்ட ஆலைகளின் மீது குண்டுவீச்சு தொடங்கியது. விமானப் பெட்ரோல் ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்தது ஜூலையில் 30,000, செப்டம்பரில் 5,000 என்று சரிந்தது. பழுதுபார்க்கப் பெரும் ஆள்படையை இறக்கியும், சரிசெய்த ஆலைகளின் மீதே மறுபடி மறுபடி குண்டு விழுந்தது. புதிய விமானங்கள் அந்த ஆண்டில் ஏராளமாக வந்தன. ஓட்டிப் பழகப் பெட்ரோல் இல்லாமல், பயிற்சி குறைந்த விமானிகள் அவற்றில் ஏறினார்கள்.

கேள்வி: ஜப்பான் சுமத்ரா, போர்னியோ எண்ணெய் முழுவதையும் பிடித்துவிட்டதே. பிறகு ஏன் எண்ணெய்ப் பஞ்சம்?

பதில்: ஜப்பானின் எண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941 ஆகஸ்டில் அது நின்றது. கையிருப்பு தீருமுன் தெற்கே போய் எண்ணெயைப் பிடிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1942 பிப்ரவரியில் பாரசூட் படையை இறக்கி, சுமத்ராவின் எண்ணெய் நகரான பாலெம்பாங்கைப் பிடித்தார்கள். அழிவு பயந்த அளவுக்கு இல்லை, உற்பத்தியும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தொடங்கியது. அதுவரை திட்டம் பலித்தது.

பாலெம்பாங்கிலிருந்து ஜப்பானுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டர். அவ்வளவும் கடல். முதல் அடி 1942 மே மாதமே விழுந்தது. எண்ணெய் வயல்களுக்கு நிபுணர்களை ஏற்றிச் சென்ற தாயோ மாரு என்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெய் நிபுணர்களை ஓராண்டில் புதிதாக உருவாக்க முடியாது. தெற்கிலிருந்து ஜப்பானுக்கு வந்து சேர்ந்த எண்ணெய் 1942-ல் ஒரு கோடி பேரலுக்குச் சற்று மேல், 1943-ல் 1.45 கோடி, 1944-ல் 50 லட்சம், 1945-ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

1943 வரை ஜப்பான் தப்பித்ததற்கு அமெரிக்க டார்பிடோவின் கோளாறும் ஒரு காரணம். குறித்த ஆழத்துக்குக் கீழே ஓடும். காந்த விசை வெடிப்பான் நேரம் தவறி வெடிக்கும். நேராக மோதினால் வெடியூசி நசுங்கி வெடிக்காமலே போகும். ஒரு குறை மற்றொன்றை மறைத்ததால் மூன்றையும் கண்டுபிடிக்க 1943 பிற்பகுதி வரை ஆனது. சரியான டார்பிடோ கைக்கு வந்ததும் டேங்கர்களே முதல் இலக்காயின. ஜப்பான் சரக்குக் கப்பல் பாதுகாப்புக்குத் தனித் தலைமையகம் அமைத்தது 1943 நவம்பரில். அதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. தரைப்படையும் கடற்படையும் எண்ணெய் வயல்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டதும் இழப்பைக் கூட்டியது.

இதன் விளைவு போர்க்களத்தில் தெரிந்தது. எண்ணெயைக் கப்பலிடம் கொண்டுவர முடியாததால், கப்பல் எண்ணெயிடம் போனது. 1944-ல் கடற்படையின் முக்கியப் பிரிவுகள் சிங்கப்பூர் அருகே லிங்காவிலும், போர்னியோ பக்கம் தாவி-தாவியிலும் தங்கின. போர்னியோ பக்கத்துத் தரகான் தீவின் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்காமலே பாயிலரில் எரித்தார்கள். அது எளிதில் ஆவியாகித் தீப்பிடிக்கும் எண்ணெய், கப்பலுக்குள் வைத்திருப்பதே ஆபத்து. உள்நாட்டில் பெண்களும் பிள்ளைகளும் பைன் மர வேரைத் தோண்டிக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். இருநூறு வேர் இருந்தால் ஒரு விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் என்பது அரசின் பிரசாரம்.

கேள்வி: அமெரிக்காவில் எண்ணெய் ஏராளம். அங்கே ஏன் பெட்ரோலுக்கு ரேஷன்?

பதில்: டயருக்காக. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் போனதும் அமெரிக்காவின் இயற்கை ரப்பரில் 90 சதவீதத்துக்கு மேல் நின்றுவிட்டது. ரப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். புதிதாக நட்டுப் பயனில்லை. மக்கள் வண்டி ஓட்டுவதைக் குறைத்தால் டயர் மிஞ்சும். அதற்குத்தான் 1942 டிசம்பரில் நாடு முழுதும் பெட்ரோல் ரேஷனும், மணிக்கு 35 மைல் வேகக் கட்டுப்பாடும். செயற்கை ரப்பர் உற்பத்தி 1945-ல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனாலும் கனரக லாரி டயர் அதில் சீக்கிரம் சூடேறும் என்பதால் இயற்கை ரப்பரைக் கலந்தே ஆகவேண்டும். அந்த ரப்பருக்கு நேச நாடுகள் பெரிதும் நம்பியது இலங்கையை. மரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படாமல் பட்டையை ஆழக் கீறி, கிடைத்த பாலையெல்லாம் எடுத்தார்கள்.

கேள்வி: முதல் உலகப் போரில் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: இரண்டுக்கும் நைட்ரஜன் வேண்டும். 1914-ல் அதற்கு முக்கிய ஊற்று சிலி நாட்டு வெடியுப்பு. டிசம்பர் 8-ல் தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகள் அருகே ஜெர்மன் கப்பற்படைப் பிரிவு அழிந்ததும் அந்தக் கடல்வழி பிரிட்டனின் பிடியில் வந்தது. போர் சில மாதங்களில் முடியும் என்று நம்பியிருந்த ஜெர்மனியிடம் நீண்டகாலக் கையிருப்பு இல்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஹேபர்–போஷ் ஆலை 1913-ல் ஓப்பாவில் உரத்துக்காகத் தொடங்கியிருந்தது. 1915-ல் அந்த அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கும் வழியைப் பெரிய அளவில் செய்தார்கள். போர் நீண்டது அதனால்தான். ஆனால் குண்டுக்குப் போன நைட்ரஜன் வயலுக்குப் போகவில்லை. குதிரையும் ஆளும் போர்முனைக்குப் போய்விட்டதால் விளைச்சல் மேலும் விழுந்தது. 1916–17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்து, மக்கள் டர்னிப் கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள்.

கேள்வி: சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதை எதற்காகப் போடப்பட்டது? அது பயன்பட்டதா?

பதில்: பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு எல்லாச் சரக்கும் சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குக் கடலில் வந்தது. அந்தக் கடலில் நேச நாட்டு நீர்மூழ்கிகளும் விமானங்களும் நடமாடின. அதைத் தவிர்க்க, தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளும் இணைந்தன. தண்டவாளத்தின் ஒரு பகுதியை மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பிடுங்கி வந்தார்கள்.

ரப்பர் ஏற்றுமதி நின்று மலாயாத் தோட்டங்களில் வேலை இல்லாமல் இருந்த தமிழர்களை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும் பிறகு லாரியில் பிடித்துப்போட்டும் கொண்டுசென்றார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு அதைப்போலப் பல மடங்கு. 90,000 வரை இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. கைதிகளிடம் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக அழிந்தார்கள். அவர்கள் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதை இந்த விஷயம் பேசும் ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும்.

பயன்? நாளொன்றுக்கு 3,000 டன் என்று திட்டமிட்டு, கட்டும்போதே 1,000 டன்னாகக் குறைத்தார்கள். அவசரத்தில் போட்ட மரப்பாலங்களும் குண்டுவீச்சும் சேர்ந்து அதையும் நிலையாகக் கொண்டுபோக விடவில்லை.

கேள்வி: இம்பால் சண்டையில் ஜப்பான் தோற்றதற்கு மழை காரணமா, சோறு காரணமா?

பதில்: சோறு. மழை அதைக் கடுமையாக்கியது. 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதாகுச்சியின் படை, சுமார் 85,000 பேர், சிந்த்வின் ஆற்றைக் கடந்தபோது ஏறத்தாழ இருபது நாள் உணவே கையில் இருந்தது. அதற்குள் இம்பாலின் கிடங்குகளைப் பிடித்து அதையே உண்பது திட்டம். சுமைக்கும் இறைச்சிக்கும் மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். பல ஆற்றில் போயின, பல மலைப்பாதையில் விழுந்தன. பழகாத மாட்டின் முதுகில் சுமை ஏற்றி மலையேற்ற முடியாது என்பதை யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ வீரர்களும் இதே பசியில்தான் போரிட்டார்கள்.

எதிரே பிரிட்டிஷ்–இந்தியப் படைக்கு இம்பால்–கொஹிமா சாலை மார்ச் 29-ல் துண்டிக்கப்பட்டு ஜூன் 22 வரை மூடிக்கிடந்தது. ஆனால் வானம் திறந்திருந்தது. பர்மாவின் மேற்குக் கடலோரமான அராக்கானிலிருந்து ஐந்தாவது இந்திய டிவிஷனையே பீரங்கி, கோவேறு கழுதைகளோடு விமானத்தில் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 18 முதல் ஜூன் 30 வரை ஏறத்தாழ 18,800 டன் சரக்கு வந்தது. 74 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 254 டன். டகோட்டா விமானம் ஒன்றுக்கு இரண்டரை டன் என்றால் தினம் நூறு நடை. அதுவும் போதவில்லை. எனவே வாயைக் குறைத்தார்கள்: சண்டைக்கு உதவாத 43,000 பேரையும் நோயாளி, காயம்பட்டோர் 13,000 பேரையும் திரும்பும் விமானத்திலேயே வெளியே அனுப்பினார்கள். இந்த முடிவைத்தான் நாங்கள் மிகவும் மெச்சுவோம்.

கொஹிமாவில் 31-வது ஜப்பானிய டிவிஷன் தலைவர் சாதோ, உணவும் குண்டும் வரவில்லை என்று பலமுறை தந்தியடித்து ஓய்ந்து, ஜூன் தொடக்கத்தில் மேலிட உத்தரவை மீறிப் பின்வாங்கினார். அவருக்குப் பக்கத்திலேயே திமாப்பூரில் பதினொரு மைல் நீளத்துக்கு பிரிட்டிஷ் சரக்குக் கிடங்கு இருந்தது. அங்கே ஒரு பிரிவு போயிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும்.

கேள்வி: பர்மாப் போரில் சணலில் பாரசூட் செய்தார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. பட்டு, நைலான் பாரசூட்டுக்குப் பர்மா முனை வரிசையில் கடைசி. பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் கல்கத்தா சணல் ஆலைகளிடம் கேட்டார், சில வாரங்களில் செய்து கொடுத்தார்கள். பட்டு பாரசூட்டின் விலை 20 பவுண்டுக்கு மேல், சணல் பாரசூட்டின் விலை ஒரு பவுண்டு அளவு. சணல் நெசவில் காற்று புகும் இடைவெளி இருப்பதால் உச்சியில் துளை வைக்கத் தேவையில்லை. பட்டு பாரசூட்டோடு ஒப்பிட்டால் சணல் பாரசூட்டின் நம்பகம் 85 சதவீத அளவுதான். அதனால் ஆளுக்குப் பயன்படுத்தவில்லை. உணவும் குண்டும்தான் அதில் இறங்கின. அரிசிக்கு அதுவும் வேண்டாம்: ஒரு சாக்கில் அரிசியைக் கட்டி, அதைப் பெரிய சாக்குக்குள் தளர்வாக இட்டுத் தாழப் பறந்து தள்ளிவிட்டார்கள். தரையில் மோதி உள்சாக்கு கிழிந்தாலும் அரிசி வெளிச்சாக்குக்குள் நிற்கும். வெளிச்சாக்கை இறுக்கிக் கட்டினால் இரண்டும் சேர்ந்து கிழியும்.